மிளகாய் போடுவதற்கு முன் போட வேண்டிய கணக்கு

கேள்வி: மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்து, 55 வயதில் நின்றுவிட்டேன். சேமநிதிப் பணம் 60,000 வெள்ளி (ரிங்கிட்) கையில் இருக்கிறது. ஒன்றரை ஏக்கர் நிலம் வாடகைக்குக் கிடைக்கிறது. ஃபெர்திகாசி முறையில் (தண்ணீரில் உரம் கரைத்துச் சொட்டுக் குழாயில் விடுவது) மிளகாய் போடலாம் என்று யோசனை. கடன் கேட்டுப் போனால் ‘வியாபாரத் திட்டம்’ கொண்டு வரச் சொல்கிறார்கள். 800 வெள்ளி கொடுத்தால் எழுதித் தர ஓர் ஆள் இருக்கிறார். பயிர் செய்யத் தெரிந்தவனுக்கு இந்தக் காகிதத்தால் என்ன பயன்?

பதில்:

அந்த 800 வெள்ளியை மிச்சம் பிடியுங்கள், அண்ணே. எழுதித் தருகிறவர் உங்கள் நிலத்தை வந்து பார்க்கப் போவதில்லை, தண்ணீரைச் சோதிக்கப் போவதில்லை. போன மாதம் வேறொருவருக்கு எழுதியதில் பெயரை மட்டும் மாற்றி, செடிக்கு 3 கிலோ காய், கிலோ 8 வெள்ளி, செத்த செடி ஒன்றுகூட இல்லை என்று அச்சடித்துக் கொடுப்பார். அதை வைத்துக் கடன்கூட கிடைத்துவிடலாம். ஆபத்தே அதுதான்.

திட்டம் என்று பெரிய பேர் இருந்தாலும் உள்ளே இருக்க வேண்டியவை மூன்று விடைகள்தான். மிளகாய் எந்த விலைக்கு இறங்கினால் நீங்கள் முங்குவீர்கள்? எந்த மாதத்தில் கையில் காசு இருக்காது? இருக்கிற பணத்துக்கு எத்தனை செடி தாங்கும்? தோட்டத்தில் இருந்த உங்களுக்கு இந்த மாதிரிக் கணக்கு புதிதல்ல. காலைப் பெரட்டில் ஆள் எண்ணாமல், செக்ரோலில் (வருகைப் பதிவேட்டில்) பேர் ஏறாமல், வெட்டிய குலையை எண்ணாமல் ஒரு நாள் ஓடியிருக்குமா? ஹெக்டருக்கு எத்தனை டன், டன்னுக்கு என்ன செலவு என்று ஆபீஸில் மாதா மாதம் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். சொந்தப் பயிர் என்று வந்ததும் மண்வெட்டி வேலை, மருந்தடிக்கிற வேலை எல்லாவற்றுக்கும் ஆள் இருக்கிறது, கிராணி (கணக்கர்) வேலைக்கு மட்டும் ஆள் இல்லை.

கீழே நான் போடும் விலைகள் கணக்கைக் காட்டுவதற்காக வைத்தவை. உங்கள் ஊர்க் கடையில் மூன்று இடத்தில் விலை கேட்டு, என் எண்ணை அடித்துவிட்டு உங்கள் எண்ணைப் போடுங்கள். கணக்குப் போடும் முறை மாறாது.

முதலில் நிலம். வாடகை எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், வாடகைக்கு விடுகிறவருக்கு அதை விட உரிமை உண்டா என்று பாருங்கள். பட்டா அவர் பெயரில் இருந்தால் நிலப் பதிவகத்தில் ஒரு தேடல் போட்டு உறுதி செய்துகொள்ளலாம். இந்தப் பக்கத்தில் பலர் கையில் இருப்பது டிஓஎல், அதாவது தற்காலிகக் குடியிருப்பு உரிமம். அது ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31-ல் முடியும், புதுப்பித்தால்தான் அடுத்த ஆண்டுக்கு ஓடும். இன்னொருவருக்குக் கைமாற்ற முடியாது, உரிமம் வைத்திருப்பவர் இறந்தால் அத்தோடு முடிந்தது. ஆகவே டிஓஎல் வைத்திருப்பவரிடம் நீங்கள் வாடகைக்கு எடுத்தால், உங்கள் கையில் உள்ள காகிதத்துக்குப் பலம் எதுவும் இல்லை. 2023 அக்டோபரில் நம் தெற்கே கந்தானில் நடந்தது நினைவிருக்கும்: பல ஆண்டுகளாகக் காய்கறி போட்டுவந்தவர்களின் பயிரை, நிலத்துக்கு உரிமை இல்லை என்று அதிகாரிகள் வந்து அகற்றினார்கள். நியாயம் யார் பக்கம் என்பது தனிப் பேச்சு. உங்கள் கணக்குக்கு வேண்டியது ஒன்றுதான்: குழாய், தொட்டி, பம்பு எல்லாம் ஐந்து போகம் ஓடினால்தான் போட்ட காசு திரும்பும், ஐந்து போகம் என்றால் கிட்டத்தட்ட மூன்று ஆண்டு. மூன்று ஆண்டு வரைக்கும் உள்ள வாடகையை நில அலுவலகத்தில் பதியாமல் ஒப்பந்தமாக வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் போனால் குத்தகையாகப் பதிய வேண்டும். ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு முத்திரைக் கட்டணம் கட்டுங்கள். ‘நிலம் திரும்ப வேண்டுமென்றால் நிற்கிற போகம் முடியும்வரை அவகாசம்’ என்று ஒரு வரி அதில் கட்டாயம் இருக்கட்டும்.

அடுத்தது தண்ணீர். இதைத் திட்டத்தில் எழுதுகிறவர்கள் மிகக் குறைவு, எழுத வேண்டியது இதுதான் முதலில். காய்க்கிற மிளகாய்ச் செடி வெயில் நாளில் 2 லிட்டர் வரை கேட்கும். 2,500 செடி என்றால் ஒரு நாளைக்கு 5,000 லிட்டர். வறட்சி மாதத்தில் உங்கள் கிணறோ ஓடையோ அதைக் கொடுக்குமா என்பதைக் காய்ந்த பிப்ரவரியில் பாருங்கள், மழை கொட்டும் நவம்பரில் பார்த்துவிட்டுச் சரி என்று சொல்லாதீர்கள். இரண்டாவது, இசி மீட்டரும் (கரைந்திருக்கும் உப்பை அளப்பது) பிஎச் மீட்டரும் (அமிலத்தன்மையை அளப்பது) வாங்கி வெறும் தண்ணீரைச் சோதியுங்கள். கிந்தா பள்ளத்தாக்கில் சுண்ணாம்புக் குன்றுகள் அதிகம். அந்த மண்ணில் ஊறி வரும் தண்ணீர் கடினமாக இருக்கும், பிஎச் 7-க்கு மேல் நிற்கும். மிளகாய்க்கு உரத்தண்ணீர் 5.5-க்கும் 6.5-க்கும் இடையில் இருக்க வேண்டும். மேலே போனால் இரும்புச் சத்து தண்ணீரில் இருந்தாலும் செடிக்குக் கிடைக்காது, இளந்தளிர் நரம்பு மட்டும் பச்சையாக, மற்றதெல்லாம் மஞ்சளாக வரும். அமிலம் கலந்து இறக்க வேண்டியிருக்கும், அது மாதா மாதம் ஒரு செலவு. பழைய ஈயச் சுரங்கக் குட்டையிலிருந்து எடுப்பதாக இருந்தால் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்து உலோகம் பார்க்காமல் தொடவே வேண்டாம்.

இப்போது செடி எண்ணிக்கை. ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி. வரிசைக்கு வரிசை 6 அடி, செடிக்குச் செடி 2 அடி என்றால் ஒரு செடிக்கு 12 சதுர அடி, ஆகக் காகிதத்தில் 3,630 பாலிபேக் (செடி நிற்கும் பிளாஸ்டிக் பை) வருகிறது. நிலத்தில் வராது. தொட்டி, உரம் கலக்கும் கொட்டகை, லோரி திரும்ப இடம், வேலியோரம், மழைக்கால வாய்க்கால் எல்லாம் சேர்ந்து முப்பது விழுக்காட்டைத் தின்றுவிடும். 2,500 என்று வையுங்கள்.

பாலிபேக், தேங்காய்நார்த் தூள், குழாய், சொட்டு முனை, தொட்டிகள், பம்பு, வடிகட்டி, டைமர், தரைவிரிப்பு, கம்பு, கயிறு எல்லாம் சேர்த்துச் செடிக்கு 10 வெள்ளி என்று போட்டால் 25,000 வெள்ளி. இதை முதல் போகத்தின் தலையிலேயே கட்டினால் கணக்கு பயமுறுத்தும், கட்டாமலே விட்டால் கணக்கு பொய் சொல்லும். ஐந்து போகத்துக்குப் பிரித்து, போகத்துக்கு 5,000 என்று எழுதுங்கள்.

உரத்தை யாரும் கிலோவில் யோசிப்பதில்லை, ‘ஒரு செட் வாங்கினேன்’ என்றுதான் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். நாற்று நட்டதிலிருந்து பிடுங்கும்வரை 180 நாள், சராசரி ஒரு நாளைக்கு ஒரு லிட்டர், ஆகச் செடிக்கு 180 லிட்டர். லிட்டருக்கு 1.4 கிராம் உரம் கரைந்திருக்கிறது என்றால் செடிக்குக் கால் கிலோ. 2,500 செடிக்கு 630 கிலோ, கிலோ 8 வெள்ளி என்றால் 5,000 வெள்ளி. இந்த எண் தெரிந்திருந்தால்தான், மூன்றாம் மாதத்திலேயே 500 கிலோ தீர்ந்துவிட்டது என்றால் எங்கோ தவறு என்று புரியும்: குழாய் ஒழுகுகிறது, அல்லது டைமர் தேவைக்கு மேல் ஓடி உரத்தண்ணீர் பாலிபேக்குக்கு அடியில் வழிந்து மண்ணுக்குப் போகிறது.

மருந்து 3,000, மின்சாரமும் பெட்ரோலும் ஏழு மாதத்துக்கு 2,100, விதை நாற்றுத் தட்டோடு 900, நில வாடகை 600, சில்லறை 400. தேய்மானம், உரம் சேர்த்துக் கூட்டினால் போகத்துக்கு 17,000 வெள்ளி. இதில் கையிலிருந்து நேராகப் போவது 12,000, மீதி 5,000 சாமான் தேய்மானம். இவை காய் பறித்தாலும் பறிக்காவிட்டாலும் போகிற காசு. பறிகூலி, கூடை, வண்டிக் கூலி இவை கிலோவுக்குக் கிலோ ஏறுபவை, அதை 1.30 என்று வைப்போம்.

எல்லோரும் விடுவது உங்கள் சொந்தக் கூலி. குறைந்தபட்சச் சம்பளம் இப்போது மாதம் 1,700 வெள்ளி. நீங்கள் வேறு எங்காவது காவல் வேலைக்குப் போனாலும் அது வரும். ஏழு மாதத்துக்கு 11,900. இதை எழுதாமல் விட்டுவிட்டு ‘லாபம் வந்தது’ என்கிறவர்கள், உண்மையில் தங்கள் உழைப்பைக் காய் வாங்கும் டவுக்கேக்கு (வியாபாரிக்கு) இனாமாகக் கொடுத்திருக்கிறார்கள். மனைவியும் மகனும் பறிக்க வருகிறார்கள் என்றால் அவர்கள் கூலியும் இந்தக் கணக்கில் உண்டு. பறிகூலியாக அவர்கள் பெயரிலேயே எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது, வீட்டில் சண்டையும் குறையும்.

விளைச்சல் எத்தனை? நூற்றுக்குப் பத்துச் செடி போய்விடும் என்றால் 2,250 நிற்கும். செடிக்கு 1.8 கிலோ என்றால் 4,050 கிலோ. அதில் பத்து விழுக்காடு அழுகல், வளைசல், முனை கறுத்தது என்று கழிந்தால் விற்பது ஏறக்குறைய 3,600 கிலோ. இனி வகுத்துப் பாருங்கள்.

கையிலிருந்து போகும் காசை மட்டும் எடுக்க, 12,000 வகுத்தல் 3,600, அதோடு 1.30: கிலோ 4.63 வெள்ளி. விலை இதற்குக் கீழே இறங்கினால் கைக்காசே நட்டம், ஆகவே இதைக் கைக்காசுக் கோடு என்று வைத்துக்கொள்ளுங்கள். சாமான் தேய்மானத்தையும் சேர்த்தால் 6.02 வெள்ளி, சாமான் கோடு. உங்கள் கூலியையும் சேர்த்தால் 9.33 வெள்ளி, கூலிக் கோடு. நிலத்தில் உங்களுக்கு வரும் விலை 5 வெள்ளி என்றால் கையில் பணம் புழங்கும், செழிப்பாக இருப்பது போலவே தெரியும். பம்பு பழுதாகி, பாலிபேக் கிழிந்து, நார்த் தூள் மாற்ற வேண்டிய நாளில்தான் பெட்டியில் ஒன்றுமில்லை என்று தெரியவரும். நம் பக்கத்தில் இரண்டாம் ஆண்டோடு கைவிடப்பட்டுக் கிடக்கும் கறுப்புக் குழாய்களைப் பார்த்திருப்பீர்கள். இந்த முதல் கோட்டுக்கும் இரண்டாம் கோட்டுக்கும் இடையில் மாட்டிக்கொண்டவர்கள் பலர்.

விலையை நீங்கள் தீர்மானிக்க முடியாது, விளைச்சலைப் பாதிக்கு மேல் நீங்கள்தான் தீர்மானிக்கிறீர்கள். அசுவினி கொண்டுவரும் நரம்புத் தேமல் வைரஸ் ஆரம்பத்திலேயே ஏறி, செடிக்கு 1.2 கிலோதான் கிடைத்தது என்று வைப்போம். விற்பது 2,430 கிலோ. கோடுகள் 6.24, 8.30, 13.19 என்று ஏறிவிடும். நன்றாகப் பார்த்து 2.5 கிலோ எடுத்தால் அவையே 3.67, 4.66, 7.01 என்று இறங்கும். அதனால்தான் நாற்றங்காலுக்கு நுண்வலை போடுவதும், முதல் 40 நாளில் தேமல் கண்ட செடியை யோசிக்காமல் பிடுங்கி எரிப்பதும் வியாபாரத் திட்டத்துக்குள் வருகிறது. 300 வெள்ளி வலையை மிச்சம் பிடித்து கிலோவுக்கு இரண்டு மூன்று வெள்ளியைத் தொலைப்பது நல்ல கணக்கல்ல.

சொட்டு முனை அடைப்பும் இதே வகைதான். ஒரு செட் உரம் ஏ, பி என்று இரண்டு பாகமாக வரும். ஏ உரத்தில் கால்சியம் நைட்ரேட் இருக்கிறது, பி உரத்தில் சல்ஃபேட்டும் பாஸ்ஃபேட்டும். இரண்டையும் கெட்டியாக ஒரே வாளியில் ஊற்றினால் உடனே வெண்மையாகத் திரிந்து அடியில் படியும், கால்சியம் சல்ஃபேட் என்கிற ஜிப்சம் அது. தொட்டியில் முதலில் தண்ணீர், பிறகு ஏ, நன்றாகக் கலக்கிவிட்டுப் பி. அவசரத்தில் இந்த வரிசையை மாற்றிய ஒரு நாள் போதும், கடைசி வரிசைச் செடிகள் இரண்டு வாரத்தில் வாடும், காய் முனை கறுக்கும். சொட்டு முனைக்கு அடியில் குவளை வைத்து, வாரம் ஒருமுறை பத்து இடத்தில் ஐந்து நிமிடத்துக்கு எத்தனை மில்லி விழுகிறது என்று அளந்தால் இதை முன்கூட்டியே பிடித்துவிடலாம்.

காசு இல்லாத மாதங்களுக்கு வருவோம். விதை போட்ட நாளைப் பூஜ்யமாக வையுங்கள். நாற்று 30 நாளில் பாலிபேக்குக்கு மாறும். அதிலிருந்து 75 நாளில் முதல் சிவப்புக் காய், அதாவது 105-ம் நாள். முதல் இரண்டு மூன்று பறிப்பு கூடையின் அடியைத்தான் மூடும். டவுக்கே இரண்டு வாரம் கழித்துக் கணக்குத் தீர்ப்பார். 120-ம் நாள்வரை வரவு ஒரு காசு இல்லை, வீட்டில் அடுப்பு மட்டும் எரிய வேண்டும். வீட்டுச் செலவு மாதம் 1,800 என்றால் நான்கு மாதத்துக்கு 7,200. கட்டுமானம் 25,000, நாற்று 900, அதுவரை உரம் 2,500, மருந்து 1,500, மின்சாரம் பெட்ரோல் 1,200, வாடகை 600, சில்லறை 400. கூட்டினால் 39,300 வெள்ளி, முதல் கூடைக்குக் காசு வருவதற்கு முன்னால்.

இது ஓர் ஏக்கருக்கு. நீங்கள் சொல்லும் ஒன்றரை ஏக்கருக்கு, 3,750 செடிக்கு இதே கணக்கைப் போட்டால் 55,000 வெள்ளியைத் தாண்டுகிறது. 60,000-ல் மிச்சம் ஐயாயிரத்துக்கும் குறைவு. நாற்று ஒரு தட்டு அழுகி மூன்று வாரம் தள்ளிப்போனாலோ, பம்பை யாராவது இரவில் கழற்றிக்கொண்டு போனாலோ (இது நடக்கிறது, செம்புக் கம்பிக்காகவே நடக்கிறது) அந்த ஐயாயிரம் தாங்காது. அப்புறம் யாரிடம் போய் நிற்பார்கள் என்பது நமக்குத் தெரியும். ஆ லோங் (சட்டவிரோத வட்டிக்காரர்) கடனுக்கு மிளகாய் எந்த விலை விற்றாலும் கட்டாது.

என் தீர்ப்பைக் கேட்டால்: முதல் போகத்துக்கு 1,000 பாலிபேக். பம்பையும் பெரிய குழாயையும் மட்டும் 2,500-க்குத் தாங்கும்படி வாங்குங்கள், மற்றதைப் பிறகு சேர்க்கலாம். மீதி நிலத்தில் அரை ஏக்கரில் மண்ணிலேயே கீரை, வெண்டை, பயற்றங்காய் போடுங்கள். கீரை 25, 30 நாளில் காசாகும். வெண்டை 45 நாளில், பயற்றங்காய் 50 நாளில் பறிப்புக்கு வந்துவிடும். இவற்றில் பெரிய லாபம் கிடையாது. பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாரம் 150, 200 வெள்ளி வந்தால் அரிசி பருப்புக்கு ஆயிற்று, அந்தக் காசில்லாத நான்கு மாதம் சுருங்குகிறது. புரட்டாசியில் நம் ஆட்கள் பாதிப் பேர் சைவம், அந்த மாதத்தைக் குறிவைத்துக் கீரையும் வெண்டையும் போடுவது சுலபமான கணக்கு.

சேமநிதியில் எவ்வளவைத் தொடலாம் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன்: பாதிக்கு மேல் வேண்டாம். இந்த வயதில் அது திரும்பச் சேராத பணம்.

விற்கும் இடத்தைச் செடி நட்டபின் தேடுகிறவர்கள் டவுக்கே சொன்ன விலைக்குத்தான் போடுவார்கள். நடுவதற்கு முன் மூன்று பேரைப் பாருங்கள்: ஊருக்குள் வந்து வாங்கும் வியாபாரி ஒருவர், ஈப்போ மொத்தச் சந்தையில் ஒருவர், அரசின் விவசாயச் சந்தை வாரியமான ஃபாமாவின் அலுவலகம் ஒன்று. ஃபாமா நாள்தோறும் பண்ணை விலை, மொத்த விலை, சில்லறை விலை என்று மூன்று நிலையில் விலை வெளியிடுகிறது. மூன்று மாதம் அதைத் தினமும் ஒரு நோட்டில் குறித்து வந்தாலே, மிளகாய் எப்படி ஏறி இறங்குகிறது என்று கைக்குப் பழகிவிடும். உங்கள் திட்டத்தில் போட வேண்டியது பண்ணை விலை. பசாரில் மனைவி கொடுத்து வாங்கும் விலையைப் போட்டு லாபம் பார்ப்பது மிகச் சாதாரணமான, மிகப் பெரிய தவறு.

வியாபாரியிடம் ‘என்ன விலை’ என்று மட்டும் கேட்காதீர்கள். கூடை எடை எவ்வளவு கழிப்பார், ஈரத்துக்கு எத்தனை கழிப்பார், இரண்டாந்தரக் காயை எடுப்பாரா, எடுத்தால் என்ன விலை, விற்காமல் போனதைத் திருப்பிக் கட்டுவாரா, எத்தனை நாளில் பணம்? பத்துக் கிலோவுக்கு அரைக் கிலோ கழித்தால் அது ஐந்து விழுக்காடு விலைக் குறைப்பு. 7 வெள்ளி சொல்லி அப்படிக் கழிப்பவரைவிட 6.80 சொல்லி நேராக நிறுப்பவர் மேல். ஒரே ஆளிடம் எல்லாவற்றையும் கொடுக்காதீர்கள், அதே சமயம் விலை ஏறிய வாரத்தில் பழைய ஆளை விட்டு ஓடவும் செய்யாதீர்கள். காய் குவிந்து கிடக்கும் வாரத்தில் எடுத்துக்கொள்வது அந்தப் பழைய ஆள்தான்.

பேராக் மேற்குப் பகுதியில் மழை இரண்டு முறை உச்சம் போகும், ஏப்ரல்–மே, அக்டோபர்–நவம்பர். 2026-ல் தீபாவளி நவம்பர் 8. காய்ப்பு உச்சம் முதல் பறிப்புக்கு நான்கு வாரம் கழித்துத்தான் வரும், ஆகவே தீபாவளிச் சந்தைக்கு விதை ஜூன் நடுவில் விழ வேண்டும். அந்த உச்சம் நேராக அக்டோபர் மழைக்குள் போய் நிற்கிறது. மழைத்துளி தெறித்துத்தான் காயழுகல் பூஞ்சாணம் ஒரு காயிலிருந்து அடுத்த காய்க்குத் தாவுகிறது. பழுத்த காயில் உள்வாங்கிய வட்டப் புள்ளி விழும், அந்தக் காய் போனது. விலை ஏறுவதும் அதே காரணத்தால்தான், எல்லோருக்கும் காய் அழுகுகிறது. ஆகவே ‘தீபாவளிக்கு விலை ஏறும்’ என்பதை மட்டும் எழுதிவிட்டு நிறுத்தக் கூடாது. அந்தப் போகத்துக்குச் செடிக்கு 1.8 கிலோ போடாமல் 1.2 போட்டு, மேலே காட்டிய கோடுகளை மறுபடி பாருங்கள். 8.30-க்கு மேல் பண்ணை விலை கிடைத்தால்தான் சாமான் காசு திரும்பும். மழைக்கூரை போட்டால் விளைச்சல் காப்பாற்றப்படும், ஆனால் கூரைக்கும் தேய்மானம் உண்டு. நோன்புப் பெருநாள் சந்தைக்குப் போடுவதானால், அது ஆண்டுதோறும் 11 நாள் முன்னால் வருவதால், போன முறை எப்போது விதை போட்டோம் என்று பார்த்து அதே தேதியில் போட்டால் மூன்று ஆண்டில் ஒரு மாதம் பிந்திவிடுவீர்கள். 1,000 பாலிபேக்கை ஒரே நாளில் நடாமல் ஆறு வார இடைவெளியில் இரண்டு பாதியாக நடலாம். விலை உச்சத்தைப் பிடிக்க முடியாது, அடிமட்டத்திலும் முழுதாக மாட்டமாட்டீர்கள்.

தினசரி நோட்டு ஒன்று வேண்டும். கொட்டகைத் தூணில் கயிறு கட்டித் தொங்கவிடுங்கள், வீட்டில் வைத்தால் எழுதமாட்டீர்கள். தேதி, இசி, பிஎச், எத்தனை முறை தண்ணீர், என்ன மருந்து எத்தனை மில்லி, யார் அடித்தது, எத்தனை கிலோ பறித்தது, எந்தத் தரம், என்ன விலை. மருந்தடித்த தேதிக்குப் பக்கத்திலேயே டப்பாவில் போட்டிருக்கும் அறுவடைக்கு முன் காத்திருக்க வேண்டிய நாளையும் எழுதி, எந்தத் தேதிக்குப் பிறகு பறிக்கலாம் என்று சிவப்பில் குறியுங்கள். மைகேப் (நல்ல விவசாய முறை) சான்றிதழுக்கு விவசாய இலாகா கேட்பதும் இந்த மாதிரிப் பதிவைத்தான், ஆகவே ஒரே வேலையில் இரண்டு பயன். வருமான வரிக்கு ரசீதுகளை ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும், ஒரு பிஸ்கட் டின் போதும்.

இந்த நோட்டு காசு சம்பாதித்துத் தருவது போகத்தின் கடைசியில். செடியைப் பிடுங்க யாருக்கும் மனம் வராது, இன்னும் பூ இருக்கிறதே என்று தோன்றும். வாரச் செலவு உரம் 200, மருந்து 100, மின்சாரம் 75, மொத்தம் 375 வெள்ளி என்று நோட்டில் இருக்கிறது. இந்த வாரம் 80 கிலோ கிடைத்தது, விலை 5 வெள்ளி. 400 வெள்ளி வரவு, பறிகூலியும் வண்டியும் 104 போக 296. அடுத்த வாரம் விலை ஏறும் என்ற தகவல் எதுவும் இல்லையென்றால் பிடுங்கிவிட வேண்டியதுதான். வாரம் 80 வெள்ளி நட்டம் ஒருபக்கம், அந்தக் கிழட்டுச் செடியில் தங்கும் அசுவினியும் சிலந்திப்பேனும் அடுத்த நாற்றுக்கு ஏறுவது இன்னொரு பக்கம். இரண்டாவது நட்டம் பெரிது.

கடனுக்கு வருவோம். அக்ரோபேங்க் போனாலும், இந்தியத் தொழில்முனைவர்களுக்கான ஸ்பூமி கடன் திட்டத்துக்கென்று அரசின் சிறுகடன் நிறுவனமான தெக்குன் போனாலும், முதலில் எஸ்எஸ்எம் (வியாபாரப் பதிவு ஆணையம்) பதிவைக் கேட்கக்கூடும். சொந்தப் பெயரில் ஆண்டுக்கு 30 வெள்ளி, வியாபாரப் பெயர் வைத்தால் 60. வியாபாரத்துக்கென்று தனி பேங்க் கணக்கு திறந்து, கீரை விற்ற 20 வெள்ளியானாலும் அதில் போடுங்கள். கணக்கில் ஆறு மாதம் வரவு தெரிந்தால் அதிகாரி உங்களிடம் பேசும் தொனியே மாறும். திட்டத்துக்கு நான்கு தாள் போதும்: நிலமும் தண்ணீரும் பற்றி ஒன்று, செலவும் மூன்று கோடுகளும் ஒன்று, மாதவாரியாக வரவு செலவு ஒன்று, யாரிடம் விற்கப் போகிறீர்கள் என்று ஒன்று. பின்னால் கடைகளின் விலைப்பட்டியலைக் குத்துங்கள். விளைச்சலைக் குறைத்து எழுதினால் கடன் கிடைக்காது என்று பயப்பட வேண்டாம். செடிக்கு 1.2 கிலோ கிடைத்தாலும் தவணை கட்ட முடியும் என்று காட்டும் தாள்தான் அவர்கள் கைக்கு அரிதாக வருவது. மகனை உட்காரவைத்து மலாயில் எழுதச் சொல்லுங்கள், எண்களை மட்டும் நீங்களே சொல்லுங்கள். கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒன்றைக் கேளுங்கள்: முதல் தவணை எந்த மாதம்? கடன் வாங்கிய மறு மாதமே தவணை என்றால், அந்த 120 நாளில் கடன் பணத்திலிருந்தே கடனைக் கட்டிக்கொண்டிருப்பீர்கள். உங்கள் மாதவாரித் தாளை எடுத்து வைத்து, ஐந்தாம் மாதத்திலிருந்து தவணை தொடங்கும்படி கேளுங்கள். தாளில் எண் இருந்தால் அது பேசக்கூடிய விஷயமாகிவிடும்.